பார்க்கக் கூடாத படம்

கெலிஓயாவில் நம்மவர் யாரும் அந்தப் படத்தைப் பார்க்கக் கூடாது என்று, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் அறிவித்துவிட்டார்.

கண்டிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்து, கூடாது என்று தலைவரிடம் சொன்னவர் நிர்வாக சபை உறுப்பினர் நளீர்தான். எந்தப் படம் வந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். அலுத்துப்போய் வீட்டுக்கு வந்து கதிரையில் சாய்ந்தார்.

மனைவி ஸுமைரா தேத்தண்ணியை நீட்டினாள். "படத்துல கடைசியில அந்தப் பொண்ணுக்கு என்ன நடந்த?"

"அது கூடாத படம், ஸுமைரா."

"பாக்கத்தானே கூடாது. கேக்கக் கூடாதுண்டு சொல்லல்லயே."

வாதாடத் தெம்பில்லாமல் நளீர் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"பக்கத்துலதானே இருக்கிறீங்க?"

"எனக்கில்ல." ஸுமைரா உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்தாள். "உள்ளுக்கு இருக்கிற தலைவர்ட பொஞ்சாதிக்குக் கேக்கல்லயாம்."