முப்பத்தொன்று

காலை வெயில் கட்டில் கம்பியில் சாய்ந்து கிடக்கிறது. மருந்துச் சீட்டும் கையுமாக நிற்கும் நர்ஸ், "இன்னிக்கு என்ன தேதிக்கா?" என்கிறாள். மனைவி, பேச்சற்றுப் படுத்திருக்கும் கணவரின் மெலிந்த மணிக்கட்டில் தொளதொளக்கும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். "முப்பத்தொண்ணு." "போன மாசம் முப்பதோட முடிஞ்சிருச்சேக்கா. இன்னிக்கு ஒண்ணு." தினம் சாவி கொடுத்து ஓடும் அந்தக் கடிகாரத்துக்கு எல்லா மாதமும் முப்பத்தொரு நாள்தான், வருஷத்துக்கு ஐந்து தடவை அவர்தான், பல் துலக்கிய கையோடு, அதைச் சரிசெய்வார். அவள் கடிகாரத்தின் சாவித் திருகை நகத்தால் இழுத்து முட்களைச் சுற்றுகிறாள். ஒரு முழு நாள் அரை நிமிடத்தில் கடந்து, தேதிக் கட்டத்தில் ஒன்று வந்து விழுகிறது. அவர் கண்கள் கூரையைவிட்டு அசையவில்லை. அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "இவரு படுத்ததிலேருந்து இது அஞ்சாவது தடவை" என்கிறாள்.