பாத்துக்கோ

"உங்க அண்ணி சாயங்காலத்துல எங்க போறா?"

ஃபோனில் அண்ணன் இப்படிக் கேட்டபோது சின்னவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி பால்கனியில் கொடியிலிருந்து மிச்சத் துணியை உருவிக்கொண்டிருந்தாள்.

"பஸ் டிப்போ பக்கம் அவளப் பாத்ததா என் ஃப்ரெண்டு சொல்றான். ஒரு தடவ இல்ல பாப்பா, பல தடவ. உன்ன எதுக்கு அங்க விட்டு வெச்சிருக்கேன்?"

அண்ணனுக்கு வேலை வேறு ஊரில். வீட்டில் அண்ணியும் இவளும் மட்டும். கிளம்பிப் போன அன்றே அவன் தங்கையை மாடிப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னான்: "அண்ணியக் கொஞ்சம் பாத்துக்கோ."

அப்போது அவளுக்கு விளங்கவில்லை. பார்த்துக்கொள்ள அண்ணி என்ன கைக்குழந்தையா?

வாராவாரம் அவன் ஃபோனில் கேட்ட கேள்விகளில்தான் விளங்கியது. யார் வந்தா, யார்கூடப் பேசினா, எத்தன மணிக்கு வந்தா.

"வேவு பாக்கச் சொல்றியாண்ணே?" என்று ஒரு தடவை கேட்டே விட்டாள்.

அவன் பதறிப்போனான். "ச்சீ! நாலு எழுத்து படிச்சதும் வாயப் பாரு வாய. பாத்துக்கோன்னுதானே சொன்னேன்?"

வேவு எதிரியின் கோட்டைக்கு. உளவு அடுத்தவன் நாட்டுக்கு. ராஜாவிடம் இருந்த ஒற்றனுக்குச் சம்பளமாவது உண்டு.

திருடன்கூட, மாட்டிக்கொண்டால், நோட்டம் விட்டேன் ஐயா என்று ஒப்புக்கொள்வான். ஆபீசில் இதைச் செய்தால் போட்டுக் கொடுக்கிறவள் என்று யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

வீட்டுக்குள் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் அக்கறை.

அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். மிதிக்க வைத்தவன் அண்ணன். அதனால் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு நன்றாகவே பார்க்க வந்தது.

வெங்காயம் உரிக்க நாற்காலியில் உட்கார்ந்தால் அண்ணியின் இடது கால் தரையை அழுத்தும். மெல்ல விடும். மறுபடி அழுத்தும்.

குடைச்சலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மனசு கேட்கவில்லை. ஒரு நாள், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் லீவு சொல்லிவிட்டு அண்ணியின் பின்னாலேயே போனாள்.

டிப்போவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே ஒரு பழைய பஸ் பின்பக்கமாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எந்தக் கம்பத்தையும் உரசவில்லை. டிரைவர் சீட்டில், துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, அண்ணி. வெங்காயம் உரிக்கும்போது இடது கால் அழுத்திப் பழகியது கிளட்சை.

வீட்டில் இருக்கிறவளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று அண்ணன் எப்போதோ தீர்ப்புச் சொல்லியாயிற்று. தெரிந்தால் அடுத்த வண்டி பிடித்து வந்து நிற்பான். நாளைக் காலையில் டெஸ்ட். அதையும் அண்ணி சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவள் குளியலறையில் பேசிய ஃபோனை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டது.

"பாப்பா? லைன்ல இருக்கியா இல்லியா?"

"இருக்கேண்ணே." மடித்த சட்டையின் காலரை நீவினாள். "அண்ணிக்கு முட்டி வலி. டிப்போக்கு எதிர்ல ஃபிசியோதெரபி இருக்குல்ல, அங்கதான் போறாங்க. சொன்னா நீ கவலப்படுவேன்னு சொல்லாம இருந்திருக்காங்க."

இவ்வளவு பொய் தன் வாயிலிருந்து தடுமாறாமல் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"அவ்வளவுதானா?" அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. "சரி, அவகிட்டக் குடு."

அண்ணி வந்து ஃபோனை வாங்கினாள். படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள்.

சின்னவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். முட்டி வலி வந்த விஷயத்தை அண்ணியிடம் சொல்ல நேரமே இருக்கவில்லை.

கதவில் காதை வைத்தாள்.

"ஆமாங்க, முட்டிதான். வலது பக்கம். ஃபிசியோவுக்குப் போனதுல இருந்து தேவல."

முட்டி வலியை அண்ணிக்கு யார் சொன்னது? திரும்பிப் பால்கனியைப் பார்த்தாள். அதற்கும் கூடத்துக்கும் நடுவே இருந்தது ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான்.

உள்ளே அண்ணியின் குரல் இன்னும் தணிந்தது.

"இவளையா? நீங்க சொன்னபடி பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன். வேல விட்டா வீடு, வீடு விட்டா வேல… யாரு, அந்த எக்ஸ்ரே பையனா? அவனுக்கு வேற எடத்துல பொண்ணு பேசி முடிச்சாச்சுங்க. அதெல்லாம் பழைய கத."

சின்னவள் காதை இன்னும் அழுத்தி வைத்தாள்.

எக்ஸ்ரே பையன் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் எக்ஸ்ரே எடுக்கிறான். அவனுக்கு யாரும் பெண் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணி வெளியே போயிருந்த நேரம் இதே கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனான். அண்ணி திரும்புவதற்குள் அவன் குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, ஜன்னலைத் திறந்து விட்டு, சோபா உறையை இழுத்துச் சரிசெய்து, என்னைப் போல் கெட்டிக்காரி எவள் இருக்கிறாள் என்று உட்கார்ந்திருந்தாள் சின்னவள்.

அன்றைக்கு மட்டுமா. அண்ணன் ஊருக்குப் போன நாளிலிருந்தே அவளுக்கு அந்த நினைப்புதான்.

உள்ளே அண்ணி சிரிப்பது கேட்டது.

"நீங்க நிம்மதியா இருங்க. என் கண்ணுல படாம இந்த வீட்டுல எதுவும் நடக்காது."