செண்பகத்தின் சிரிப்பு

செண்பகம் படிக்கும் ஆங்கில வகுப்பில் அன்றன்றைய செய்திதான் பாடம். படிப்பவர்களின் முகத்தையும் குரலையும் வைத்து அந்தச் செய்தியைக் குட்டிப் படமாக்கி, வீட்டில் பார்த்துப் பழகும்படி வகுப்பின் செயற்கை அறிவு இயந்திரம் அனுப்பிவிடும்.

அன்று கோவை விமான நிலையத்துக்குள் யானை புகுந்த செய்தி. சமையலறைச் சுவரில் படம் ஓடியது. ஓடுபாதையில் படுத்துவிட்ட யானையை, அதிகாரி வேஷத்தில் இருந்த செண்பகம் எழுந்து போகச் சொல்லி ஆங்கிலத்தில் கெஞ்சினாள். அது காதை மட்டும் ஆட்டியது. படத்துச் செண்பகம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவன் தங்கராசு நிமிர்ந்தான். அவள் சத்தமாகச் சிரித்து அவன் கேட்டதே இல்லை.

"சிரிப்பெல்லாம் மெஷினே போட்டுக்குமா?" என்றான்.

"இல்லீங்க. இங்கிலீசுதான் மெஷினோடது, எனக்கு இன்னும் அவ்வளவு வேகமா வராது. சிரிப்பு என்னுது. வகுப்புல நாடகம் போடறப்பச் சிரிச்சத எடுத்து வெச்சிருக்குது."

"ஊட்ல ஏன் புள்ள சிரிக்கறதில்ல?"

"கல்யாணமான புதுசுல ஒருக்காச் சிரிச்சனுங்க. என்ன சத்தம்னு கேட்டீங்க."

அவனுக்கு அது நினைவில்லை.

மறுநாள் அவளை வகுப்பில் இறக்கிவிட்டவன் வண்டியைத் திருப்பவில்லை. உள்ளே போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான். ஆசிரியை அவனை முன்னால் நிறுத்தி, தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொன்னார். நான்கு சொல்லிலேயே அவன் நாக்கு குழறியது.

பின் பெஞ்சில் செண்பகம் பொங்கிச் சிரித்தாள். சட்டென்று வாயைப் பொத்தினாள்.

"கையெடு புள்ள," என்றான் தங்கராசு, முகம் சிவந்து. "இன்னும் பேசறேன்."