மூன்றாவது வரம்

அயல்மொழிப் படமொன்றின் நாயகனுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார் சிங்காரவேலு. படத்தின் தொடக்கத்திலேயே நாயகனின் சின்ன மகள் இறந்துபோகிறாள். பிறகு ஒரு பூதம் வந்து அவனுக்கு மூன்று வரங்கள் தருகிறது. முதலில் பறக்கும் குதிரை கேட்டான். அடுத்து பத்து ஆள் பலம் கேட்டான்.

“இதை எழுதுனவனுக்குப் புள்ளகுட்டி கிடையாது போல,” என்றார் சிங்காரவேலு, மைக்கை விட்டு நகராமல்.

“இன்னும் நாலு சீன்தான் சார்,” என்றான் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளன் பெஞ்சமின்.

மூன்றாவது வரத்துக்கு நாயகன் மண்டியிட்டு இரு கைகளையும் ஏந்தினான். அவன் வாயசைவுக்குப் பொருந்தும்படி, “மந்திர வாள் கொடு” என்று தாளில் எழுதியிருந்தது.

“மஞ்சரியைக் கொடு,” என்றார் சிங்காரவேலு.

பெஞ்சமின் பதிவை நிறுத்தினான். அவருடைய மகள் மஞ்சரியின் பதினாறாம் நாள் காரியத்தில் அவனும் சாப்பிட்டிருந்தான்.

“வசனம் மாறிடுச்சு சார். ஆனா வாயசைவு கச்சிதமா உக்காந்திருக்கு.”

“ஒருவாட்டி போட்டுக் காட்டுப்பா. அப்புறம் அழிச்சிடு.”

போட்டான். நாயகன் கைகளை ஏந்தி, சிங்காரவேலுவின் குரலில் மஞ்சரியைக் கேட்டான். பூதம் சிரித்துக்கொண்டே தலையசைத்தது.

இருவரும் தங்களை அறியாமல், வெளிச்சத்தம் நுழையாத அந்தக் கனத்த கதவைப் பார்த்தார்கள். அது சாத்தியபடியே இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது, ஏந்திய கைகளில் வாள் மின்னிக்கொண்டிருந்தது.