இரண்டாவது நங்கூரம்

தண்ணீருக்குள் இறக்கும் விளக்கு அசையாமல் நின்றால்தான் மீன் கூடும். அதற்கு வள்ளத்தின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நங்கூரம் வேண்டும். மிக்கேல் முன் நங்கூரத்தைக் கட்டி முடித்துவிட்டு, புதிதாக வாங்கிய விளக்கைக் கரையிலிருந்த டிரம் தண்ணீரில் இறக்கி, பேட்டரியில் இணைத்தான். தண்ணீர் பச்சையாக எரிந்தது. அண்ணன் மனைவி பிலோமினா எட்டிப் பார்த்தாள். டிரம்மின் அடியில் கிடந்த துருப்பிடித்த ஆணியும் ஒற்றைச் செதிலும் பளிச்சென்று தெரிந்தன.

“எல்லாமே தெரியுதே தம்பி.”

“கடல்ல தரை வரைக்கும் தெரியும் மதினி.”

“எந்தப் பக்கம் போற?”

அவன் கயிற்றைச் சுருட்டியபடி, “நடுப்பாருக்கு. மீனு அங்கதான கெடக்கு,” என்றான்.

கடலுக்கடியில் பாறை நீண்டு கிடக்கும் அந்த இடத்தில்தான் போன மாதம் அண்ணனின் வள்ளம் கவிழ்ந்து மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை. எந்தக் கரையிலாவது உயிரோடு ஒதுங்கியிருப்பார் என்று சொல்லி, பிலோமினா தினமும் கணவனுக்கும் சேர்த்தே சோறு பொங்கினாள். அவன் ஆன்மாவுக்குப் பூசை வைக்கலாம் என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

“அந்தப் பின் நங்கூரத்த இங்க தாங்க மதினி.”

அவள் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

“வேற எங்க வேணும்னாலும் போ. அங்க வெளக்கு எறக்காத.”

மிக்கேல் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “மீனுக்கு மட்டும்னா இந்த வெளக்க வாங்கியிருக்கவே மாட்டேன் மதினி.”

“தெரியும்,” என்றாள் பிலோமினா. “அதான் வேண்டாங்கேன்.”