பாஷை தெரியாதவர்கள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊரில் பத்து வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு, எண்பத்தாறில் பாரிஸ் திரும்பிய புதுச்சேரிக்காரர் இஞ்ஞாசி, அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் பத்திநாதரின் மளிகைக் கடைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"பிழைக்க வந்த நாட்டு பாஷையைக் கத்துக்க வேணாமாய்யா? ரெண்டு வருஷமாச்சு, இன்னும் நீர் போன்ஜூரைத் தாண்டலியே!"

"ஓம் ஐயா," என்றார் யாழ்ப்பாணத்துப் பத்திநாதர். "ஆபிரிக்காவிலை அந்த ஊர்ப் பாஷை நீங்கள் பேசுவியளோ?"

"ஒரு வார்த்தை தெரியாது. எனக்கெதுக்குய்யா? அவங்கதான் பிரெஞ்சு பேசறாங்களே!" பின்னால் கூடையோடு நின்றவனைக் காட்டினார். "அங்கேர்ந்து கூட்டிவந்த சமையல்காரன், லசினா. இவன் எதிர்லதான் நானும் வீட்டம்மாவும் தமிழ்ல சண்டை போடுவோம். ஒரு மண்ணும் புரியாது."

லசினா மெல்லக் கனைத்தான்.

"ஐயா, அம்மா புளி வாங்கச் சொன்னாங்க. மறந்துட்டுப் போனா மறுபடியும் சண்டை வரும்."