நீலக் கட்டம் போட்ட சேட்

மூன்றாவது நாளும் என் மனைவி கனகேஸ்வரி ஒருவனின் உடுப்பைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

'நீலக் கட்டம் போட்ட சேட். கறுப்புக் களிசான். பழுப்புச் சப்பாத்து.'

முந்தின நாள் சாம்பல் சேட். அதற்கு முந்தின நாள் மஞ்சள் கோடு. மாப்பிள்ளைக்கு உடுப்புக்குக் குறைவில்லை.

கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் இறக்குவிக்கும் கந்தோர் ஒன்றில் இருவருக்கும் வேலை. அவள் தட்டச்சு. நான் கடதாசிக் கட்டோடு தினமும் ஹார்பருக்குப் போய் வருகிறவன். இரண்டாயிரத்து ஏழில் கந்தோருக்கு வயர்லெஸ் இன்டர்நெட் வந்தது. அதில் போகும் எல்லாக் கடிதத்துக்கும், கம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பொடியன் பௌஸியின் பெட்டியில் ஒரு பிரதி தங்கும்.

இரண்டு மீன் ரோல்ஸுக்கு அவன் என் மனைவியின் கடிதங்களைத் திறந்து காட்டினான்.

காலை எட்டு ஐம்பதுக்கு ஒன்று. அனுப்புவதும் அவள், பெறுவதும் அவள். காதலன் படத்தைத் தலையணைக்குக் கீழே வைப்பதுபோல.

'இங்கே கடிதங்கள் இரகசியமல்ல, கந்தோர் பிரதி வைத்துக்கொள்ளும்' என்ற அறிவித்தலைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதே அவள்தான். அப்படியும் எழுதுகிறாள் என்றால் என்ன துணிச்சல்!

என் காதுகளிலிருந்து புகை வந்தது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. பியோன் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

முப்பது வருடத்தில் என் சேட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காலையில் கதிரையில் ஒன்றை மடித்து வைப்பாள். நான் பேப்பர் வாசித்தபடியே மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன மாதம் வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடிப் பொன்னம்பலம் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவிக்குச் சிங்களம் வராது. கனகேஸ்வரிதான் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் கதை குறைந்துவிட்டது. கவலையாக்கும் என்றிருந்தேன். இப்போதுதான் காரணம் பிடிபட்டது.

நீலக் கட்டம்.

கந்தோரின் இரண்டு மாடியும் ஏறி இறங்கித் தேடினேன். பழுப்புச் சப்பாத்து கிளாக்கர் றொபேட்டின் காலில் இருந்தது. சேட் மட்டும் வெள்ளை. மேசை லாச்சியில் எப்போதும் ஒரு மாற்றுச் சேட் வைத்திருப்பவன். மாற்றிவிட்டான், கள்ளன்.

பௌஸியிடம் திரும்ப வந்தேன். கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது.

'இடது புருவத்தில் தழும்பு. நடக்கும்போது வலது தோள் சரியும்.'

பௌஸி திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தான்.

"அங்கிள், இன்டைக்கு நீங்க என்ன சேட் போட்டிருக்கிறீங்க?"

பதில் சொல்ல நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பொலிசில் முதல் கேள்வியும் அதுதானாம். பொன்னம்பலத்தின் மனைவிக்குப் பதில் தெரியவில்லையாம். போய் வந்த அன்று கனகேஸ்வரி சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டு என் சேட்டுகளை எல்லாம் எடுத்துத் திரும்ப மடித்தாள்.

மத்தியானம் றொபேட்டின் கை தட்டி ஒரு கோப்பை பிளேன்டீ என் நெஞ்சில் கொட்டியது. பாவம், பதறிப்போய் லாச்சியைத் திறந்து இன்னொரு வெள்ளைச் சேட்டை நீட்டினான்.

"இதப் போட்டுக்கொண்டு ஹார்பருக்குப் போங்க அண்ணே. ஊத்தையா இருக்கு."

வேண்டாம் என்றேன்.

நெஞ்சில் தேத்தண்ணிக் கறையோடு மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஹார்பருக்குப் போனேன். அதே சேட்டோடு வெள்ளவத்தை பஸ்ஸில் ஏறினேன்.

கனகேஸ்வரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இந்தக் கோலத்திலயோ ரோட்டால வந்தனீங்கள்? ஆரிட்டயும் ஒரு சேட் வாங்கி மாத்தக்கூடாதே?"

திட்டிக்கொண்டே அவள் பொத்தான்களைக் கழற்றினாள். நான் பேப்பரைத் தேடினேன்.